மொரிஷியஸ் 1998 நூறு ரூபாய் நோட்டு: ஈபே ஏலத்துக்கு என்ன தலைப்பு வைப்பது?

தேவகி_ரோஸ்ஹில்:
வணக்கம். போர்ட் லூயியில் கடை வைத்திருந்த அப்பா, கல்லாவுக்கு வரும் புது நோட்டுகளில் சிலவற்றை மடிக்காமல் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்துவிடுவார். அதில் 1998 தேதியிட்ட நூறு ரூபாய் நோட்டுகள் நான்கு இருக்கின்றன. தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்தார்களே, நம் மக்கள் எதிர்த்த பிறகு மத்திய வங்கி திரும்பப் பெற்றதே, அதே நோட்டு. ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு மீதி மூன்றையும் ஈபேயில் ஏலம் விடலாம் என்று இருக்கிறோம். பிரான்ஸில் இருக்கும் தம்பி தன் கணக்கில் போடுகிறான், தலைப்பை என்னிடம் கேட்கிறான். “அபூர்வம்! மொரிஷியஸ் தமிழர்கள் தாய்மொழிக்காகப் போராடிய வரலாற்று நோட்டு, அப்பாவின் சேமிப்பு” என்று போட ஆசை. ஆங்கிலத்தில் எழுதினால் ஈபே தலைப்புக்குத் தரும் 80 எழுத்துக்குள் அடங்கவில்லை. எதைக் குறைக்கலாம்?

விக்னேஷ்_ஃபீனிக்ஸ்:
அக்கா, “அபூர்வம்” கட்டாயம் இருக்கட்டும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில், கடைசியில் இரண்டு மூன்று ஆச்சரியக்குறி. அப்போதுதான் கண்ணில் படும்.

சபாபதி_கத்ர்போர்ன்:
தேவகி அம்மா, நான் நம் நாட்டு நோட்டுகளைப் பல வருடமாகச் சேர்க்கிறவன். வாங்குகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஈபே தேடல் சாதாரணமாகத் தலைப்பைத்தான் பார்க்கும். விவரப் பகுதியிலும் தேடு என்று வாங்குபவர் தனியாகச் சொன்னால்தான் அங்கே போகும். அதனால் அந்த 80 எழுத்தும் தேடுகிறவர் தட்டச்சு செய்யும் சொற்களுக்கே. யாரும் “அபூர்வம்” என்று தேடுவதில்லை, “அப்பாவின் சேமிப்பு” என்றும் தேடுவதில்லை. ஆச்சரியக்குறியால் தேடலில் ஒரு இடம்கூட முன்னே வராது விக்னேஷ் தம்பி, இடம்தான் வீணாகும்.

உங்கள் நோட்டுக்கு உயிர் 1998 என்கிற அந்த ஆண்டு. 1999இல் வந்த நூறு ரூபாயிலும் நம் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் அதே படம்தான், அதே டோடோ பறவை நீர்க்குறிதான். தமிழ் மட்டும் மறுபடி இந்திக்கு மேலே வந்துவிட்டது. ஆண்டு போடாமல் “மொரிஷியஸ் 100 ரூபாய்” என்று விற்கிறார்கள் பாருங்கள், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எனக்குக் கண் வலித்துவிடும். பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். நாடு, மதிப்பு, ஆண்டு மூன்றும் முதலில் வரட்டும்.

அடுத்தது பிக் எண், அதாவது உலக நோட்டுப் பட்டியலில் ஒவ்வொரு நோட்டுக்கும் இருக்கும் எண். உலக நோட்டு சேர்க்கிறவர்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள். 1998 நூறு ரூபாய்க்கு பி-44, 1999க்கு பி-51. இந்த ஒரு எண் இருந்தால் விற்பவருக்கு விஷயம் தெரியும் என்ற நம்பிக்கை வாங்குபவருக்கு வரும்.

அப்புறம் தரம். புத்தகத்துக்குள் இருந்தது என்பதற்காக உடனே யுஎன்சி (புழக்கத்துக்கே போகாத புது நோட்டு) என்று எழுதிவிடாதீர்கள். நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நடுவில் மடிப்பு தெரிகிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இலேசான வளைவு இருந்தால் ஏயுஎன்சி (கிட்டத்தட்டப் புது நோட்டு). தலைப்பில் சொன்ன தரம் கைக்கு வந்ததில் இல்லையென்றால், வாங்கியவர் திருப்பி அனுப்பலாம்.

விக்னேஷ்_ஃபீனிக்ஸ்:
ஐயா, எல்லாம் சரி. ஆனால் போராட்டத்தைச் சொல்லாவிட்டால் அது மற்ற நோட்டுகளோடு ஒன்றாகப் போய்விடாதா? நமக்கு அதில்தானே பெருமை.

சபாபதி_கத்ர்போர்ன்:
எனக்கும் அது வெறும் காகிதம் இல்லை தம்பி. கூலிக்கு வந்த நம் முன்னோர்களின் எழுத்து இந்த நாட்டுப் பணத்தில் இருக்கிறது. அதன் இடத்துக்காக நம் மக்கள் குரல் கொடுத்தார்கள், வங்கி நோட்டையே மாற்றியது. அதை விவரப் பகுதியின் முதல் வரியிலேயே, நாலு வாக்கியத்தில் தெளிவாக எழுதச் சொல்கிறேன். மூன்று மொழி வரிகளையும் நெருக்கமாகக் காட்டும் படம் ஒன்று இரண்டாவதாக இருக்கட்டும். தலைப்பில் “வித்ட்ரான் இஷ்யூ” என்ற இரண்டு சொல் போதும், திரும்பப் பெற்ற வெளியீடுகளைச் சேர்ப்பவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். “தமிழ்” என்ற சொல்லும் இருக்கட்டும். தமிழ் எழுத்துள்ள நோட்டுகளை மட்டும் சேர்க்கிறவர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.

தேடலில் சிக்கட்டும் என்று 1999, ராம்கூலம், இலங்கை என்று நோட்டில் இல்லாததை எல்லாம் சேர்க்க வேண்டாம். ஈபே விதிப்படி அது தவறு, ஏலத்தையே எடுத்துவிடுவார்கள். இன்னொன்று, முதல் ஏலக்கேட்பு விழுந்த பிறகு தலைப்பைத் திருத்த முடியாது. போடுவதற்கு முன்பே தம்பியோடு ஒரு முறை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அவர் பிரான்ஸ் ஈபேயில் போடுவதானால் தலைப்பு பிரெஞ்சில் இருப்பதே நல்லது.

தேவகி_ரோஸ்ஹில்:
ரொம்ப நன்றி ஐயா. வெளிச்சத்தில் பார்த்தேன், மூன்றிலும் மடிப்பே இல்லை. இப்போது தலைப்பு இப்படி: “மொரிஷியஸ் 100 ருப்பீஸ் 1998 பி-44 யுஎன்சி வித்ட்ரான் இஷ்யூ தமிழ் பேங்க்நோட்”. ஆங்கிலத்தில் இடைவெளியோடு 65 எழுத்துதான் வருகிறது. அப்பா கதை விவரத்தில் போகட்டும். மூன்றையும் சேர்த்து விடுவதா, தனித்தனியாகவா?

சபாபதி_கத்ர்போர்ன்:
அருமையான தலைப்பு. ஒரு சொல்லையும் தொட வேண்டாம். நோட்டுகளின் வரிசை எண்ணைப் பாருங்கள். மூன்றும் அடுத்தடுத்த எண்ணாக இருந்தால் பிரிக்கவே கூடாது, சேர்த்தே விடுங்கள். தலைப்பின் கடைசியில் “3 கான்செக்யூட்டிவ்” என்று போட்டால் 79 எழுத்து, சரியாக அடங்கிவிடும். எண்கள் தொடராவிட்டால் ஒவ்வொன்றாக விடுங்கள், முதல் ஏலம் முடிந்த பிறகு இரண்டாவது. ஒரே நாளில் மூன்றையும் போட்டால் வாங்குகிறவர்கள் பிரிந்துபோய் மூன்றுக்கும் விலை இறங்கும்.