புதுப்பிப்பு: 5.1 ஸ்பீக்கரில் பின்பக்க ஒலி கிடைத்துவிட்டது

நான்காயிரம் ரூபாய்க்குள் வாங்கிய 5.1 ஸ்பீக்கரில் (ஐந்து பெட்டிகளும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் கொண்டது) பின்பக்கப் பெட்டிகளும் முன்பக்க ஒலியையே தருகின்றன என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். பெட்டிகளில் குறையில்லை. கணினியின் பச்சை ஜாக்கில் (ஒலி வயரைச் செருகும் துளை) மட்டும் ஒரே வயரைச் செருகியிருந்ததால் கணினி இரண்டு சேனல்களை (தனித்தனி ஒலித்தடங்களை) மட்டுமே அனுப்பியது. மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) மூன்றே ஒலி ஜாக்குகள் என்பதால், கணினியின் ஒலியைக் கட்டுப்படுத்தும் ரியல்டெக் மென்பொருளில் நீல ஜாக்கைப் பின்பக்கத்துக்கும், இளஞ்சிவப்பு மைக் ஜாக்கை நடுப்பெட்டிக்கும் சப்வூஃபருக்கும் ஒதுக்கி, விண்டோஸ் ஒலி அமைப்பிலும் 5.1 என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே ஆறு சேனல்களும் பிரிந்தன. சோதனை ஒலி முதன்முறையாக என் இடது தோளுக்குப் பின்னால் மட்டும் கேட்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். இதே குறையுள்ளவர்கள், புதிய சவுண்ட் கார்டுக்குச் செலவிடும் முன் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள். மைக் தேவையென்றால் யூஎஸ்பி மைக்கைப் பயன்படுத்தலாம்.