52 வாத்து முட்டை வைத்து 12 குஞ்சுதான் வந்தது. சேர்த்து வைத்ததில் தப்பா?

காவிரிக்கரை:
வணக்கம். மயிலாடுதுறை பக்கம். காக்கி கேம்ப்பெல் என்ற வாத்து இனத்தில் பெட்டை 5, ஆண் 1 வைத்திருக்கிறேன். தினம் 4 முட்டை தப்பாமல் கிடைக்கும். 60 முட்டை பிடிக்கிற இன்குபேட்டர் வாங்கினேன். அது நிறையட்டும் என்று 13 நாள் சேர்த்து, 52 முட்டையாக வைத்தேன். அதுவரை சமையலறை அலமாரியில் அட்டையில் படுக்கவைத்திருந்தேன். சேறு ஒட்டியிருந்ததை எல்லாம் குழாயடியில் கழுவித் துடைத்துவிட்டேன்.

7-ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் 11 முட்டை வெறுமையாக ஒளிர்ந்தது. 19-ல் சிவப்பாக ஒரு வளையம் மட்டும், நரம்பே இல்லை. மீதி 22-ல் ஒன்று 18-ஆம் நாள் மெஷினுக்குள்ளேயே வெடித்தது. அந்த நாற்றத்தில் இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் 12 குஞ்சு. சூடு 37.5-லேயே நின்றது. மெஷின் விற்றவரைக் கேட்டால், "ஆண் வாத்து சரியில்லை, மாற்றுங்க" என்கிறார். மாற்றிவிடவா?

பண்ணை முருங்கை:
வாத்தைத் தொடாதீர்கள் தம்பி, அது பாவம். சிவப்பு வளையம் என்றால் கரு உருவாகி, கொஞ்சம் வளர்ந்து, செத்திருக்கிறது என்று அர்த்தம். அது கூமுட்டை இல்லை. உங்கள் 19-ஐயும் 22-ஐயும் கூட்டினால் 41. 52-ல் 41 கரு கூடியிருக்கிறது. அந்த 11-லும் ஒன்றிரண்டு ஆரம்பத்திலேயே செத்ததாக இருக்கும், அது டார்ச்சில் தெரியாது. ஒரு ஆணுக்கு 5 பெட்டை என்பது நல்ல கணக்குதான்.

சமையலறையில் எவ்வளவு சூடு இருந்தது?

காவிரிக்கரை:
கத்திரி வெயில் அண்ணா. பகலில் 34, ராத்திரி 29.

பண்ணை முருங்கை:
அப்போ சந்தேகமே இல்லை, சாவு அலமாரியிலேயே ஆரம்பித்துவிட்டது.

முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு வளரத் தொடங்கியிருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் அது தூங்கும். 34-ல் அரைகுறையாக விழித்துக்கொள்ளும். அடைச் சூடு இல்லாததால் ஒழுங்காகவும் வளராது. இப்படிப் பல நாள் இழுத்தடித்து மெஷினுக்குள் போகும்போது அதில் தெம்பு இருக்காது. முதல் வாரத்திலேயே போய்விடும். அதுதான் நீங்கள் பார்த்த வளையம்.

சேர்த்துவைக்க நல்ல சூடு 13 முதல் 16 டிகிரி. ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கலாம். அப்படியே வைத்தாலும் 7 நாளுக்கு மேல் போகப் போகப் பொரிப்பு குறையும். கூர்முனை கீழே இருக்கட்டும். ஒரு வாரத்தைத் தாண்டினால் தினம் ஒருமுறை சாய்த்து வையுங்கள்.

ராஜி அக்கா:
ஃபிரிட்ஜ் கதவில் வைத்தால் போச்சு. நான் இரண்டு நாள் வைத்து எடுத்தேன், நன்றாகவே பொரித்தது.

பண்ணை முருங்கை:
இரண்டே நாள் என்பதால் தப்பித்தது அக்கா. வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்குப் போகும், அந்தக் குளிரில் நாளாக ஆகக் கரு செத்துவிடும். கதவு வேறு திறக்கத் திறக்க ஆடும். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா கிடந்தால், எஸ்டிசி 1000 தெர்மோஸ்டாட் மாட்டி 15-ல் நிறுத்தலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். எடுத்ததும் நேராக மெஷினில் வைக்காதீர்கள், ஓடு வேர்த்துவிடும். ஆறு மணி நேரமாவது வெளியே இருக்கட்டும்.

வயல்வரப்பு:
ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு: அகலமான மண் தொட்டியில் ஈர மணல், அதன் நடுவில் சின்னப் பானை, மேலே ஈரச் சாக்கு. என் வீட்டில் 26 வரை இறங்கும். ஆனால் டெல்டா காற்றில் புழுக்கம் அதிகம், தண்ணீர் சட்டென்று ஆவியாகாது, அதனால் இதை ரொம்ப நம்பாதீர்கள். 26-ம் அதிகம்தான். 4 நாள் முட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெடித்த முட்டைக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் குழாயடிதான். பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டுத் துளை வழியாக அழுக்கை உள்ளே இழுக்கும். லேசான சேற்றைக் காய்ந்ததும் சுரண்டி விடுங்கள். ரொம்ப அழுக்கானதை ஆம்லெட் போட்டுவிடலாம். ராத்திரி கொட்டகையில் காய்ந்த வைக்கோல் போட்டு அடையுங்கள். வாத்து விடியற்காலையிலேயே இட்டுவிடும், வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிடுங்கள்.

எங்கள் அப்பத்தா அடைக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடுவார், இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க. நானும் போடுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

காவிரிக்கரை:
மெஷினை நிரப்ப ஆசைப்பட்டதுதான் வினை. இந்த முறை 4 நாள் முட்டை, கழுவாத 15 மட்டும் வைத்தேன். இன்று 7-ஆம் நாள். 13-ல் சிலந்தி வலை மாதிரி நரம்பு, நடுவே ஒரு புள்ளி அசைகிறது. ஒன்று வெறும் முட்டை. இன்னொன்றில் நிழல் மாதிரி ஏதோ இருக்கிறது, புரியவில்லை. எடுத்துவிடவா?

வயல்வரப்பு:
10-ஆம் நாள் திரும்பப் பாருங்கள். அதுவரை தினம் முகர்ந்து பாருங்கள். லேசாக வாடை வந்தாலும் அன்றைக்கே வெளியே, கொல்லையில் ஆழமாகத் தோண்டிப் புதையுங்கள். நாய் கிளறும்.