எட்சிங் பிரிண்ட்ட பாத்து "ஒரிஜினல் எங்க?"ன்னு கேக்குறாங்க, டிஸ்ப்ளேல எப்படி காட்டலாம்?

தகட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னைல பைன் ஆர்ட்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன், பிரிண்ட்மேக்கிங்தான் மெயின். கல்லுல வரைஞ்சு எடுக்கற லித்தோ, மரத்துல செதுக்குற உட்கட் எல்லாம் பண்ணிப் பாத்தேன் ஆனா மனசு நின்னது எட்சிங்லதான். ஜிங்க் தகட்டுல கிரவுண்ட் (ஆசிட் கடிக்காம தடுக்கற மெழுகு மாதிரி பூச்சு) பூசி ஊசியால கீறி ஆசிட்ல போட்டு எடுத்து, மைய அப்பி, டார்லட்டான் துணியால சுத்தி சுத்தி துடைச்சு, கடைசில உள்ளங்கைல கொஞ்சம் சாக் பவுடர் தொட்டுக்கிட்டு லேசா ஒரு இழுப்பு இழுத்தா வெள்ளை வரவேண்டிய இடம் மட்டும் பளிச்சுன்னு திறக்கும் பாருங்க, அதுக்காகவே எவ்ளோ நேரம் வேணா ஸ்டூடியோல நிக்கலாம்.

போன மாசம் ஒரு குரூப் ஷோல எண்ணூர் கழிமுகம் பத்தின சீரிஸ் வெச்சிருந்தேன். சாம்பல் மேடு, மின்கோபுரம், இடுப்பளவு தண்ணில எறால் தேடுறவங்க. மக்கள் நல்லாவே நின்னு பாத்தாங்க, ஆனா கீழ பென்சில்ல 3/10னு (பத்து பிரிண்ட்ல மூணாவது) இருக்கறத பாத்ததும் "ஓ காப்பியாம்மா, ஒரிஜினல் எங்க இருக்கு"ன்னு கேட்டுட்டு நகந்துடுறாங்க. மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. ஃபிரேம் போட்டுக் குடுத்தவர் வேற பிளேட் மார்க் (தகடு பேப்பர்ல அமுங்கின ஓரத் தடம்) மறையுற மாதிரி மவுண்ட் (படத்த சுத்தி வெக்கற அட்டை) வெட்டி, பிரிண்ட்ட ஃபெவிகால் தடவி அட்டைல முழுசா ஒட்டிட்டார்.

அடுத்து காலேஜ் டிஸ்ப்ளே வருது. தகட்டையும் பக்கத்துல மாட்டலாமா? அப்புறம் படிப்பு முடிஞ்சா நைட்ரிக் ஆசிட் இல்லாம வீட்லயே பண்ண வழி இருக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பரோடாவில்படிச்சவன்:
தங்கச்சி, தாராளமா மாட்டு. நம்ம ஊர்ல படம்னா கேன்வாஸ்னு பழகிட்டாங்க, பிரிண்ட்னா கடைல அடிக்கிற போஸ்டர்தான் ஞாபகம் வருது, அவங்க மேல தப்பு இல்ல. எட்சிங்ல முன்னாடியே ஒரு ஓவியம் இருந்து அத காப்பி எடுக்கல, தகட்டுல இருக்கறது பள்ளம்தான், அதுல மை ஏறி ஈரப் பேப்பர்ல பிரஸ் அழுத்தத்துல இறங்கும்போதுதான் படமே பொறக்குது. பத்து எடுத்தா பத்தும் ஒரிஜினல். இத ரெண்டு வரில எழுதி சுவத்துல ஒட்டு, போதும்.

முடிஞ்சா ஒரே தகட்டோட ஸ்டேட் புரூஃப்கள (வேலை நடக்க நடக்க ஒவ்வொரு கட்டத்துலயும் எடுத்துப் பாக்கற பிரிண்ட்) வரிசையா மாட்டு. முதல் கோடு மட்டும், அப்புறம் அக்வாடிண்ட் (கோடு இல்லாம நிழல் டோன் குடுக்கற முறை) ஏறினது, அப்புறம் பர்னிஷர் (தகட்ட தேய்ச்சு வழவழப்பாக்கற கருவி) போட்டு வெளிச்சம் எடுத்ததுன்னு. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1653ல பண்ண 'மூன்று சிலுவைகள்' பாத்திருப்ப, அதே தகட்ட பின்னால நாலாவது ஸ்டேட்ல சுரண்டி புதுசா கீறி கிட்டத்தட்ட வேற படமாவே ஆக்கிட்டார், பாதிக்கு மேல இருட்டு. அந்த மாதிரி மாற்றத்த கண்ணால பாத்தவங்க காப்பின்னு சொல்லவே மாட்டாங்க.

இன்னொண்ணு, பிரிண்ட்மேக்கர் கிருஷ்ணா ரெட்டி பத்தி உங்க சார் சொல்லியிருப்பார். 1947ல இருந்து 1949 வரைக்கும் நம்ம கலாக்ஷேத்ராவுல ஓவியப் பிரிவ பாத்துக்கிட்டவர், அப்புறம் பாரிஸ் போய் ஹேய்ட்டர்ங்கற கலைஞரோட அட்டெலியே 17ங்கற பிரிண்ட் ஸ்டூடியோல விஸ்காசிட்டி முறைய வளத்தெடுத்தாங்க. மைல எண்ணெய் அளவ கூட்டிக் கொறச்சு, கெட்டி ரோலர் மெது ரோலர் மாத்திப் போட்டு ஒரே தகட்டுல பல கலர ஒரே தடவைல எடுக்கறது. சென்னைல நடக்கற பிரிண்ட் ஷோல அவர் பேர சொல்லாம விடவே கூடாதுங்கறது என் கட்சி.

கும்பகோணம்_காவேரி:
நான் மாத்தி சொல்றேன் மன்னிச்சுக்கோங்க அண்ணா. தகட்ட மாட்டினா எல்லாரும் அந்த பளபளப்பதான் போட்டோ எடுக்குறாங்க, பிரிண்ட் கிட்ட யாரும் போறதில்ல. எங்க ஷோல கண்ணால பாத்தேன். எனக்கு தெரிஞ்சு கண்ணாடி இல்லாம ஒரே ஒரு பிரிண்ட்ட தாழ்வான மேஜைல வெச்சு சைடுல இருந்து வெளிச்சம் அடிங்க. மை பேப்பர் மேல மேடா நிக்கறதும், தகடு அமுங்கின பள்ளமும் அப்பதான் தெரியும். ஒரு பூதக்கண்ணாடியும் வைங்க, சின்னப் பசங்க கூட குனிஞ்சு பாப்பாங்க.

ஃபிரேம் விஷயத்துல இனிமே நீங்களே பக்கத்துல நின்னு சொல்லணும் தோழி. பிளேட் மார்க் முழுசா தெரியணும், சுத்தி கொஞ்சம் வெள்ளை விட்டு கீழ நம்பரும் கையெழுத்தும் தெரியுற மாதிரி மவுண்ட் ஜன்னல் வெட்டணும். ஒட்டறது மேல் ஓரத்துல மட்டும், ஜப்பான் டிஷ்யூ பேப்பர்ல ரெண்டு கீல், அதுவும் கோதுமை ஸ்டார்ச் பசைல, ஏன்னா அது பின்னாடி தண்ணி வெச்சா கழண்டு வரும். மவுண்ட் போர்டு ஆசிட் ஃப்ரீயா இருக்கணும் இல்லன்னா கொஞ்ச வருஷத்துல ஓரம் பழுப்பாயிடும். கண்ணாடி பிரிண்ட்ட தொடவே கூடாது, நம்ம ஊர் ஈரத்துக்கு பூஞ்சை பிடிச்சு ஒட்டிக்கும்.

மயில்துத்தம்:
வீட்ல பண்றது பத்தி. நைட்ரிக் ஆசிட் வீட்டுக்குள்ள வேணவே வேணாம், ஜிங்க்ல பட்டதும் வர்ற பழுப்பு புகை நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல். செம்புத் தகடுன்னா ஃபெரிக் குளோரைடு, ரிச்சி ஸ்ட்ரீட்ல சர்க்யூட் போர்டு பண்றவங்களுக்கு விக்கிற அதே சாமான்தான். தகட்ட கவுத்துப் போட்டு மிதக்க விடணும், இல்லன்னா கோட்டுக்குள்ள வண்டல் தேங்கி கடிக்காம நின்னுடும். ஜிங்க்குன்னா மயில்துத்தமும் உப்பும் தண்ணில கரைச்சு பண்ணலாம், உரக்கடைலயே கெடைக்கும். சிவப்பா செம்பு பொடி படியும், மெது பிரஷ்ஷால தள்ளிக்கிட்டே இருக்கணும். அந்த தண்ணிய மட்டும் சாக்கடைல ஊத்திடாதீங்க, மீனுக்கு விஷம், எண்ணூர் பத்தி படம் போடுற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கிளவுஸ், கண்ணுக்கு கிளாஸ், ஜன்னல் தொறந்து வெக்கறது எதுக்குமே உண்டு, அக்வாடிண்ட்டுக்கு ரோசின் (மரப் பிசின்) தூள் தூவறப்ப மாஸ்க் கட்டாயம்.

செம்பு வெல அதிகம்தான், ஆனா கோடு சன்னமா கடிக்கும், கலர் மை போட்டா மஞ்சளும் வெள்ளையும் ஜிங்க்ல மாதிரி அழுக்காகாது. பிரஸ்தான் பிரச்சனை, அது வீட்ல முடியாது. கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி ரீஜனல் சென்டர்ல கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ இருக்கு, நேர்ல போய் விசாரிங்க.

தகட்டுக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன ஸ்டேட் புரூஃப் வரிசையும், காவேரி சொன்ன மேஜையும் ரெண்டுமே வெக்கப் போறேன், தகட்ட மட்டும் விட்டுடறேன். இன்னொரு சந்தேகம், எடிஷன் 10 (எடுக்கறதா சொன்ன பத்து பிரிண்ட்) முடிஞ்சதும் இனிமே பிரிண்ட் எடுக்காதபடி தகட்டுல குறுக்க கோடு கீறி கேன்சல் பண்ணியே ஆகணுமா? எனக்கு மனசு வரல.

பரோடாவில்படிச்சவன்:
சட்டம் ஒண்ணும் இல்லம்மா, வாங்கினவங்களுக்கு குடுக்கற வாக்கு அது. ஸ்பெயின் ஓவியர் கோயா 1828ல போய்ச் சேந்துட்டார், அவரோட 'போரின் கொடுமைகள்' தகடுங்க அப்படியே கெடந்து 1863லதான் முதல் எடிஷனே வந்துச்சு. அதுக்கப்புறமும் திரும்ப திரும்ப அடிச்சாங்க, தகடு தேஞ்சு பின்னால வந்ததுல அக்வாடிண்ட் டோனே வெளுத்துப் போச்சு. கீற மனசு வரலன்னா மூலைல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையோட ஒரு கேன்சலேஷன் பிரிண்ட் எடுத்து பத்திரமா வெச்சுக்கோ. தகட்டுக்கு பின்னாடி வார்னிஷ் அடி, முன்னாடி லேசா கிரீஸ் தடவி பேப்பர்ல சுத்தி வை, ஜிங்க் சீக்கிரம் பூத்துடும்.