ராக் கைனேஸை அடக்கினால் ஸ்ட்ரெஸ் ஃபைபர் ஏன் மறைகிறது?

வித்யா (கேள்வி):
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக 3டி3 செல்களில் (சுண்டெலியின் இணைப்புத்திசு செல்கள்), பாஸ்பேட் ஏற்றும் நொதியான ராக் கைனேஸை அடக்கும் வொய்-27632 மருந்தை 10 மைக்ரோமோலார் போட்டு, அரை மணி நேரத்தில் ஃபிக்ஸ் செய்து, ஆக்டின் புரத இழைகளைக் காட்டும் ஃபல்லாய்டின் சாயம் ஏற்றினேன். செல்லின் நடுவே நீள நீளமாக ஓடிய ஸ்ட்ரெஸ் ஃபைபர் (ஆக்டின் இழைகளின் கட்டு) ஒன்றைக்கூடக் காணோம். ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு. ஆனால் புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் மொத்த ஆக்டின் அப்படியே இருக்கிறது. ராக் ஆக்டின் மேல் பாஸ்பேட் ஏற்றுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கே தப்பு?

செல்வி:
வித்யா, உன் பிளாட்டில் தப்பில்லைம்மா. ஆக்டின் எங்கும் போகவில்லை, கட்டுதான் அவிழ்ந்திருக்கிறது. ஸ்ட்ரெஸ் ஃபைபர் இழுத்துப் பிடித்த கயிறு மாதிரி. இழுப்பு நின்றால் பிரி பிரியாகக் கலைந்துவிடும். இழுப்பது மயோசின் என்ற மோட்டார் புரதம். அதன் லைட் செயின் என்ற சிறு பகுதியில், 19-ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் இருக்கும்வரை இழுக்கும். அந்த பாஸ்பேட்டைக் கழற்ற மயோசின் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி காத்திருக்கும். ராக் அந்த பாஸ்ஃபடேஸின் எம்ஒய்பிடி1 பகுதியில் பாஸ்பேட் ஏற்றி அதன் கையைக் கட்டிப்போடுகிறது. லைட் செயினில் தானே நேராக ஏற்றவும் செய்யும். நீ ராக்கை அடக்கினாய், பாஸ்ஃபடேஸின் கட்டு அவிழ்ந்தது.

இன்னொரு வழியும் உண்டு. ராக், லிம் கைனேஸ் என்ற இன்னொரு நொதியைத் தூண்டும். அது கோஃபிலினில் பாஸ்பேட் ஏற்றும். கோஃபிலின் ஆக்டின் இழையை வெட்டும் புரதம், பாஸ்பேட் ஏறினால் வெட்டாது. உன் மருந்தால் அந்தக் காவலும் போயிற்று.

1992-இல் ரிட்லி, ஹால் என்ற ஆய்வாளர்கள், சீரம் இல்லாமல் பட்டினி போட்ட ஸ்விஸ் 3டி3 செல்களுக்குள் ரோ புரதத்தை ஊசியால் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் இதே ஃபைபர்கள் எழுந்தன. ராக்கைத் தூண்டிவிடுவது அந்த ரோதான். அந்தக் கட்டுரையின் படங்களை உன் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார். எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

வித்யா:
நன்றி அக்கா! அப்படியானால் ஓரத்துக் கோடு மட்டும் ஏன் நிற்கிறது?

செல்வி:
ஓரத்தில் லைட் செயினுக்குப் பாஸ்பேட் ஏற்றுவது பெரும்பாலும் எம்எல்சிகே என்ற வேறு கைனேஸ், கால்சியத்தில் ஓடுவது. வொய்-27632 அதைப் பெரிதாகத் தொடாது. நிரூபிக்க வேண்டுமென்றால் மொத்த ஆக்டினை விட்டுவிட்டு பாஸ்போ-லைட் செயினுக்கு (பாஸ்பேட் ஏறிய லைட் செயின்) பிளாட் போடு. ஒரு எச்சரிக்கை: செல்லைச் சுரண்டி ஐஸில் வைத்துக் காத்திருந்தால் பாஸ்ஃபடேஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடும். என் முதல் மூன்று பிளாட்டும் அப்படித்தான் வெறுமையாக வந்தன; ஒரு மாதம் ஆன்டிபாடியைச் சந்தேகித்தேன். மீடியத்தை உறிஞ்சிய கையோடு கொதிக்கும் சாம்பிள் பஃபரை டிஷ்ஷிலேயே ஊற்று.

முரளி:
கண் ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து ஒன்று. கண் அழுத்த நோயான கிளாகோமாவுக்குரிய சொட்டு மருந்துகளான ரிபாசுடிலும் (ஜப்பானில் அனுமதி 2014) நெட்டார்சுடிலும் (அமெரிக்காவில் அனுமதி 2017) ராக்கை அடக்குபவைதான். கண்ணீர் வடிகாலல்ல, கண்ணுக்குள்ளேயே நீர் வடியும் வலைத்திசு இருக்கிறதே, அங்குள்ள செல்கள் தளர்ந்து நீர் வெளியேறும், அழுத்தம் இறங்கும். நீங்கள் டிஷ்ஷில் பார்த்த அதே தளர்வு.

வித்யா:
இன்று மருந்தைக் கழுவிவிட்டுப் புது மீடியம் கொடுத்துப் பார்த்தேன். நடுவே ஃபைபர்கள் திரும்ப வந்துவிட்டன! நாளை பாஸ்போ பிளாட். பஃபரைக் கொதிக்கவைத்துவிட்டுத்தான் டிஷ்ஷை எடுப்பேன் அக்கா.