செயலி தப்பு என்று சொன்ன காந்தாரம்

சேரன்மகாதேவிக்காரன்
காதுப் பயிற்சிச் செயலி ஒன்று. இரண்டு ஸ்வரம் ஒலிக்கும், இடைவெளியின் பெயரை அழுத்த வேண்டும்; நாம் பாடினால் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள் காட்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. அரைப் பரீட்சை லீவில் மகள் அதைப் பெரியப்பாவிடம் கொண்டு போனாள். அவருக்கு 74 வயது, நாதஸ்வரக்காரர். சிறு பிள்ளையில் நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் வாசிப்பைத் தரையில் உட்கார்ந்து கேட்ட காது அது.

ஹெட்போனில் ச, க (ஷட்ஜம், காந்தாரம்) இரண்டும் வந்தன. "காந்தாரம் ஒரு பொட்டு ஏறி நிக்குல்லா?" என்றார். மகள் அந்த இடைவெளியின் மேற்கத்தியப் பெயரான 'மேஜர் தேர்ட்' என்று அழுத்த, பச்சை. அடுத்து அவரைப் பாடச் சொன்னாள். முள் 14 சென்ட் கீழே (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), சிவப்பு. "தாத்தா, கம்மியா பாடுதீங்க." அவர் ஹெட்போனைத் துண்டால் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடியற்காலை சாதகத்தில் சங்கராபரண ராகம். காந்தாரத்துக்கு வந்ததும் நின்றார். மறுபடி ஊதினார். உதட்டை இறுக்கி அதைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தார். ஊதும் நாக்கான சீவாளியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். நான் திண்ணையில் காப்பியோடு உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேட்டை மிருதங்கம்
அண்ணாச்சி, பெரியப்பா சரி. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தில் வருவது) ஷட்ஜத்தோடு ஐந்துக்கு நாலு விகிதம், 386 சென்ட். கீபோர்டில் 400. அந்த 14தான் சிவப்பு. எனக்கும் இதே கதை, தோடி ராகத்தின் அசையும் காந்தாரத்தைச் சுருதி காட்டும் ட்யூனரில் காட்டினேன், முள்ளுக்குச் சாமி வந்துவிட்டது.

ஒன்று செய்யுங்கள். முதலில் பிள்ளையின் சுருதியைப் பாருங்கள். ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷார்ப், ஐந்து கட்டை என்றால் ஜி. செயலி கேள்விக்குக் கேள்வி ஆதார ஸ்வரத்தை மாற்றும், அமைப்பில் போய் அதை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். பின்னால் தம்புரா ஓடட்டும். போன் ஸ்பீக்கர் வேண்டாம், மந்திர ஷட்ஜம் (கீழ் ச) அதில் சரியாகக் கேட்காது. முதல் மாதம் ச‑ப மட்டும், அப்புறம் ச‑ம, காந்தாரம் கடைசியில். தினம் பத்து நிமிஷம் போதும். பட்டனை அழுத்தும் முன் வாயால் பாடிவிட வேண்டும். பாடாமல் அழுத்தினால் அது வெறும் வினாடி வினா.

பாளை ஆல்டோ
மிருதங்கம் சார், அவர் கேட்டது அமைப்பை இல்லை. அப்புறம், 400 ஒன்றும் தப்பு இல்லை. கீபோர்டோடு பாடுகிறவர்களுக்கு அதுதான் சுருதி. எங்கள் சபைப் பாடகர் குழுவில் மைனர் சிக்ஸ்த் என்ற இடைவெளி எனக்குப் பிடிபடவே இல்லை. பழைய லேப்டாப்பில் ஜிஎன்யு சால்ஃபேஜ் போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. இலவச மென்பொருள், இடைவெளி, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), தாளம் எல்லாம் தனித்தனிப் பயிற்சியாக இருக்கும்.

ஆனால் கிறிஸ்துமஸ் ஒத்திகையில் கரண்ட் போனது. கீபோர்டு இல்லாமல் பாடிக்கொண்டே போனோம். இரண்டாம் சரணத்தில் மேல் குரலான சோப்ரானோ சுருதி வழுக்குவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன செய்ய? நானும் கூடவே இறங்கினேன். கரண்ட் வந்து கீபோர்டு சேர்ந்தபோது நாங்கள் முழுசாக அரை ஸ்வரம் கீழே. அந்த ஒரு விநாடிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிடித்து நிறுத்தியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும்.

டவுண் ரதவீதி
நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் பக்கத்தில் ஒரு பையன் ட்யூனரைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது தட்டுவார்களா என்று காத்திருந்தான். காவலாளி, "தட்டக் கூடாது தம்பி" என்றார். அந்தச் சத்தத்துக்கும் முள் ஆடி ஏதோ ஓர் எழுத்தைக் காட்டியது. பையன் அதைக் குறித்துக்கொண்டான்!

பேட்டை மிருதங்கம்
ஆல்டோ அக்கா, 400 தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? தம்புராவுக்கு 386 என்றேன். பெரியப்பா எத்தனை கட்டை அண்ணாச்சி?

சேரன்மகாதேவிக்காரன்
இரண்டரை. 386 என்று போனில் சொன்னேன், "அப்படியா" என்றதோடு சரி. காலையில் மேலே தள்ளிப் பார்த்தாரே, அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பிள்ளை இப்போது ஏழாம் நிலையில் இருக்கிறாள், எல்லாம் பச்சை.