மறுமொழி: ‘ஐடெம்போட்டன்ட்’ – தன்னடுக்கா, மீள்மாறாவா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு செயலை எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்த விளைவே நிற்கும் என்ற பண்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘ஐடெம்போட்டன்ட்’ (idempotent). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் நண்பர் ஒருவர் எழுதியது:

> கணிதத்தில் ‘தன்னடுக்கு’ இருக்கட்டும். நிரலாக்கத்தில் அடுக்கு எங்கே வருகிறது? ஒரு கட்டளையை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான், அவ்வளவே. ‘மீள்மாறா’ என்று வைத்துக்கொள்வோம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணிதத்துக்கு ஒரு சொல், கணினிக்கு வேறொரு சொல் என்று பிரித்துவிட்டால், இரண்டும் ஒரே விதி என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆங்கிலக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் தருக்கம் பற்றி 1847இல் வெளியிட்ட சிறு நூலில் எழுத்துகளை எண்களாகக் கொள்ளவில்லை. பொறுக்கி எடுக்கும் செயலாகக் கொண்டார். ‘அ’ என்பது வெள்ளையானவற்றைப் பொறுக்குவது என்று வையுங்கள். பொறுக்கிய குவியலிலிருந்து மறுபடியும் வெள்ளையானவற்றைப் பொறுக்கினால் அதே குவியல்தான் கிடைக்கும். ஆகவே அ·அ = அ, சுருக்கமாக அ² = அ. எண்களில் இதற்கு இணங்குபவை 0, 1 இரண்டு மட்டுமே. பூலின் தருக்கம் அந்த இரண்டு எண்களின் கணக்காக ஆனது இதனால்தான்.

1854இல் வந்த பெரிய நூலில் இதற்கு மொழியிலிருந்தும் சான்று தருகிறார்: ‘நல்ல’ என்பதை இருமுறை சொன்னாலும் பொருள் கூடுவதில்லை, வீண்சொல்தான் என்கிறார். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் ‘நல்ல நல்ல பிள்ளைகள்’ என்றால் பிள்ளைகள் பலர் என்று தொனிக்கிறது. ‘பாம்பு பாம்பு’ என்றால் கேட்பவர் ஓடுகிறார். நம் அடுக்குத்தொடர் சும்மா இருப்பதில்லை! நன்னூல் குற்றங்களில் ஒன்றாக வைத்த ‘கூறியது கூறல்’தான் பூல் சொல்வதற்குக் கிட்ட வருகிறது.

இதில் நமக்கு ஓர் ஆதாயமும் உண்டு. ‘அடுக்கு’ என்பது கணக்கில் படியை (அ²-இல் உள்ள 2) குறிக்கிறது, இலக்கணத்தில் திரும்பச் சொல்வதைக் குறிக்கிறது. நண்பர் நிரலாக்கத்தில் தேடும் ‘மீண்டும் மீண்டும்’ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> பூல் காலத்திலேயே அடுக்கு என்ற பார்வை இருந்ததா, பின்னால் ஒட்டியதா?

இருந்தது. அடுக்கு எவ்வளவு ஏறினாலும் அ என்பது அ-வே என்ற இந்த விதிக்கு அவர் 1847இல் வைத்த பெயரே ‘சுட்டி விதி’. கூட்டலில்தான் சிக்கல் வந்தது. அ + அ என்பது பூலுக்குப் பொருள்கொள்ள முடியாத கோவை. அதுவும் அ-தான் என்று 1864இல் எழுதியவர் ஆங்கிலத் தருக்கவியலாளர் ஜெவன்ஸ். பூல் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. இன்று நாம் ‘பூலியன் இயற்கணிதம்’ என்று படிப்பதில் பாதி பூல் மறுத்தது என்பது ஒரு வேடிக்கை.

‘ஐடெம்போட்டன்ட்’ என்ற பெயரை 1870இல் ஆக்கியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ். கூடவே அடுக்கினால் சுழியாகிவிடும் உறுப்புக்கு ‘நில்போட்டன்ட்’ என்று இன்னொரு பெயரும் வைத்தார். முன்னது தன்னடுக்கு என்றால் பின்னது சுழியடுக்கு; இணை தானாகவே அமைந்துவிடுகிறது. ‘மீள்மாறா’வுக்கு அப்படி ஒரு தம்பியைக் காட்டுங்கள், பார்க்கலாம். (அவர் மகன் சார்லஸ் பியர்ஸ்தான், தருக்கச் செயல்களை மின்சுற்றால் நடத்தலாம் என்று 1886இல் ஒரு கடிதத்தில் எழுதியவர்.)

கணினிக்கு இது வந்த வழியும் நேரானதுதான். 1937இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேடு எழுதிய கிளாட் ஷானன், ரிலே (மின்னோட்டத்தால் திறந்து மூடும் நிலைமாற்றி) சுற்றுகளைப் பூலின் கணக்கால் சுருக்கிக் காட்டினார். திறந்த சுற்றுக்கு 1, மூடிய சுற்றுக்கு 0 என்று அவர் தடையை அளந்ததால், தொடர் இணைப்பு அவரிடம் கூட்டலாயிற்று. ஒரே ரிலேயின் இரண்டு தொடுமுனைகள் தொடராக இருந்தால் அ + அ, அது அ-வே. எனவே ஒரு தொடுமுனையைக் கழற்றி எறியலாம், சுற்று முன்போலவே வேலை செய்யும். ஜெவன்ஸின் வரி அங்கே செம்புக் கம்பியை மிச்சப்படுத்துகிறது.

இன்றைய நிரலாளர் சிக்கலும் இதுவே. பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும் இணைப்பு அறுந்தால், செயலி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். அதைச் செயல் அ என்று கொண்டால், அ-வுக்குப் பின் அ செய்தது அ செய்ததற்குச் சமமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பணம் இருமுறை போகும்.

‘மீள்மாறா’வில் இன்னொரு குறை: வேதியியலில் மீள்வினை, மீளாவினை படித்தவர் அதைத் ‘திரும்ப வராத’ என்றே வாசிப்பார்.

‘அடுக்கு’ ஏற்கெனவே ஸ்டாக் என்ற தரவமைப்புக்கும் வழங்குகிறதே என்ற தடை நியாயமானது. ஆனால் ‘தன்’ ஒட்டியபின் குழப்பம் வரும் இடம் எனக்குத் தென்படவில்லை. இலங்கைப் பாடநூல்களில் அடுக்குக்குச் ‘சுட்டி’, ‘வலு’ என்று வழங்குவதால் அங்குள்ள நண்பர்கள் கருத்துத்தான் முக்கியம். ‘தன்வலு’ என்றால் சொந்த பலம் என்றாகிவிடாதா?

இணையச் சேவையகத்துக்கு அனுப்பும் கட்டளைகளில் டெலீட் ஒன்றை நீக்குவது, போஸ்ட் பொதுவாகப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. எதிர்ப்பவர்கள் இந்த வாக்கியத்தில் தங்கள் சொல்லை இட்டு எழுதிக் காட்டினால் முடிவுக்கு வரலாம்: “டெலீட் தன்னடுக்குக் கட்டளை, போஸ்ட் அப்படியன்று.”