மூத்த பிள்ளை டான்ஜிரோ: உங்களுக்கு எது ஒட்டிக்கிச்சு?

கரிமூட்டை:
2025 செப்டம்பர்ல ஜப்பான் அனிமே டீமன் ஸ்லேயரோட 'இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கு வந்ததுல இருந்து, எங்க வீட்டுல அதோட ஹீரோ, அரக்கர்களை வேட்டையாடுற டான்ஜிரோ பேச்சுதான். எல்லாரும் சண்டைக் காட்சியைப் பேசுறாங்க. எனக்கு மனசுல நின்னது முதல் சீசன்ல வர ஒரு வசனம். மேளம் அடிக்கிற அரக்கன் வீட்டுல, விலா எலும்பும் காலும் உடைஞ்ச நிலையில டான்ஜிரோ சண்டை போடுறான். அப்ப மனசுக்குள்ள சொல்லிக்குவான், நான் மூத்தவன், அதனால தாங்கிக்கிட்டேன், ரெண்டாவதா பொறந்திருந்தா தாங்கியிருக்க மாட்டேன்னு. உலகம் முழுக்க இதை மீம் போட்டுச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

எங்க அப்பா வேலை பார்த்தது வளைகுடாவுல. சிலிண்டர் புக் பண்றது, ரேஷன் கடை வரிசை, தங்கச்சி ஸ்கூல்ல மிஸ் கூப்பிட்டா போய் நிக்கிறது, எல்லாம் நான்தான். "நீ பெரியவன்ல, பார்த்துக்க" என்ற ஒரே வரியிலதான் வளர்ந்தேன். டான்ஜிரோவும் அப்படித்தான். அப்பா இறந்துட்டார், ஆறு பிள்ளைகள்ல இவன் மூத்தவன். 13 வயசுல பனியில இறங்கிப் போய் கரி வித்துட்டு வரான். திரும்பி வந்தா அம்மாவும் கூடப் பொறந்த நாலு பேரும் பிணமா கிடக்கிறாங்க, அரக்கன் கொன்னுட்டான். மிச்சம் இருந்த தங்கச்சி நெஸுகோ அரக்கியா மாறிட்டா. அதுக்கப்புறம் அவன் வாள் தூக்குறது வீரத்துக்காகன்னு எனக்குத் தோணல. பார்த்துக்கச் சொன்ன வீட்டுல ஒருத்தியாவது மிஞ்சியிருக்கா, அவளைப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்.

உங்களுக்கு எந்த இடம் ஒட்டிக்கிச்சு? சொல்லுங்க.

நடுப்பிள்ளை:
ரெண்டாவதா பொறந்தவன் என்ற முறையில அந்த வசனத்துக்கு என் கண்டனத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் 😄

அண்ணே, நீங்க சொன்ன அதே வீட்டுலதான் எனக்குப் பிடிச்ச இடமும் இருக்கு. ஆனா உள்ளே இல்ல, வாசல்ல. வெயில் படாம நெஸுகோவை வச்சுத் தூக்கிட்டுப் போற பெட்டியை வெளியே விட்டுட்டு டான்ஜிரோ உள்ளே போறான். இது என் உயிரைவிடப் பெருசுன்னு சொல்லிட்டுப் போறான். கூட வந்த இன்னொரு வேட்டைக்காரப் பையன் ஜெனிட்சுவுக்குக் காது கூர்மை, பெட்டிக்குள்ள இருக்கிறது அரக்கின்னு தெரியும். தெரிஞ்சே, அரக்கியைக் கொல்ல வந்த இனோஸுகேகிட்ட (இவனும் வேட்டைக்காரன்தான், பின்னாடி நண்பனாயிடுறான்) அடி வாங்கி, ரத்தம் ஒழுக, பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேங்கிறான். மத்த நேரம் கொசுவைப் பார்த்தாலே அலறுற பையன். டான்ஜிரோகிட்ட இருந்து கேட்கிற சத்தம் அழுகை வர்ற அளவுக்கு அன்பானதுன்னு அவனுக்குத் தெரியும், அதனால ஏதோ காரணம் இருக்கும்னு நம்புறான்.

2015 வெள்ளத்தப்ப நான் ஊருல இருந்தேன், என் சர்டிபிகேட் ஃபைல் சைதாப்பேட்டை ரூம்ல. ரூம்மேட் இடுப்பளவு தண்ணியில அதைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தான். அவனோட லேப்டாப் உள்ளேயே போச்சு. ஏன்டான்னு கேட்டேன், "நீதானே பத்திரம்னு சொன்ன"ன்னான். அந்த எபிசோடு பார்த்த அன்னைக்கு ராத்திரி அவனுக்கு போன் போட்டு ரொம்ப நேரம் சும்மா பேசிக்கிட்டிருந்தேன்.

மூத்தவன் எல்லாத்தையும் தானே சுமக்கணும்னு டான்ஜிரோ நினைக்கிறான். முதல்முறையா அவன் சுமையை இன்னொருத்தன் ஏத்துக்கிட்டது இங்கதான். இந்த ரெண்டு பசங்க இல்லாம இருந்திருந்தா அவன் நல்ல அண்ணனாவே இருந்து பாதி வழியில செத்திருப்பான்.

சிலந்திவலை:
குடும்பப் பாசம்னாலே நல்லதுன்னு பேசிட்டுப் போறீங்க. முதல் சீசன்ல நடகுமோ மலையில வர்ற சிலந்தி அரக்கன் ரூயையும் சேர்த்துப் பாருங்க.

ரூய் தனக்கு ஒரு குடும்பம் உண்டாக்கி வச்சிருப்பான். நீ அப்பா, நீ அம்மா, நீ அக்கான்னு அரக்கர்களைப் பிடிச்சு உட்கார வச்சு, அந்தந்த வேலையை ஒழுங்கா செய்யலைன்னா தண்டனை. அவங்க முகத்துல இருக்கிற பயம் எனக்குப் புதுசில்ல. நான் வளர்ந்த கூட்டுக் குடும்பத்துல பெரியவர் ஒருத்தர் செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டா டிவி அணையும், பேச்சு அணையும், சித்தி எழுந்து நிப்பாங்க. வெளியில இருந்து பார்க்கிறவங்க 'எவ்வளவு ஒற்றுமை'ன்னு சொல்வாங்க. டான்ஜிரோ ரூய் முகத்துக்கு நேரா, நம்பிக்கை இல்லாத உறவு போலின்னு சொன்னப்ப நான் ரீவைண்ட் பண்ணித் திரும்பக் கேட்டேன்.

அதைச் சொல்ல அவனுக்கு எங்க இருந்து தெரியுதுன்னா, முதல் எபிசோடுல முகத்துல இருக்கிற கரியை அவன் அம்மா துடைச்சு விடுறாங்களே, அங்க இருந்து. பயப்படாத வீட்டுல வளர்ந்த பையன். அதனாலதான் ரூய் சாகும்போது அவன் முதுகுல கை வைக்கவும் முடியுது. என்னால முடியுமான்னா, இல்ல. இன்னும் இல்ல.

கரிமூட்டை:
@சிலந்திவலை, இதை எழுதினதுக்கு நன்றிங்க.

@நடுப்பிள்ளை, குடும்பமா நண்பனான்னு பிரிக்கவே முடியாதுன்னு இன்ஃபினிட்டி காஸில்லயே இருக்கு (பார்க்காதவங்க தாண்டிப் போயிடுங்க). அதுல வர்ற பெரிய வில்லன் அரக்கன் அகாஸா எதிராளியோட போர்க்குணத்தை மோப்பம் பிடிச்சு அடிக்கிறான். அதுக்கு வழி தேடும்போது டான்ஜிரோவுக்கு முதல்ல ஞாபகம் வர்றது இனோஸுகே சொன்ன பேச்சு, ஒருத்தன் தன்னை எங்க பார்க்கிறான்னு உடம்பு உணரும்னு. அடுத்து, நோயில படுத்திருந்த அப்பா சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ராட்சசக் கரடியை வெறும் கோடாலியால வெட்டினது. உடம்பு ஒட்டி உலர்ந்த மனுஷன், முகத்துல கோபமே இல்லாம. இனோஸுகே பேச்சு கதவைத் திறக்குது, அப்பா ஞாபகம் உள்ளே கூட்டிட்டுப் போகுது.

அகாஸாவும் அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடின பையன்தான். பின்னாடி அடைக்கலம் கொடுத்த குருவையும் கட்டிக்கப் போற பொண்ணையும் விஷம் வச்சுக் கொன்னுட்டாங்க. அரக்கன் ஆனதும் அவங்க பேரே மறந்து போச்சு. டான்ஜிரோவுக்குப் போன அஞ்சு பேரும் ஞாபகத்துல இருக்காங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குத் தெரியிற பெரிய வித்தியாசம் இதுதான்.

நடுப்பிள்ளை:
ஒத்துக்கிறேன். ஆனா அந்த இனோஸுகே டான்ஜிரோ பெயரை ஒழுங்காச் சொல்லக் கத்துக்கலாம், மாத்தி மாத்திச் சொல்றான்!

இந்தக் கதையோட மாங்கா (காமிக்ஸ்) 23 தொகுதியும் முடிச்சவங்க யாராவது இருந்தா கடைசிச் சண்டையைப் பத்தி இங்க வாயைத் திறக்காதீங்க. நான் அடுத்த படத்துக்குக் காத்திருக்கேன்.